இருபத்திரண்டாம் பக்கம்

என் அண்ணனுடைய ஸ்கேன் சென்டரில் எனக்குப் பெயர் பாஸ்வேர்டு அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்த எக்ஸ்ரேக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். விடுமுறை முடிந்து வரும் காலையில் பாதிப் பேருக்குத் தங்கள் பாஸ்வேர்டு மறந்துவிடும். ஒரே ஒரு நாள் லீவில் அப்படி என்னதான் செய்வார்களோ, மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். நான் ஒவ்வொரு மேசையாகப் போய்த் திறந்துவிட வேண்டும். பத்தொன்பது வருடம் இதைச் செய்தேன்.

சென்டரில் பதினோரு கம்ப்யூட்டர்கள், ஒரு சர்வர், நான்கு டேப்லெட்டுகள். இவை போக மெஷின்களின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர்கள் தனி. அத்தனைக்கும் நான்தான் நிர்வாகி. எந்தப் புரோகிராமை ஏற்றலாம், யார் எதைப் பார்க்கலாம், யார் எதை அழிக்கலாம் என்று முடிவு செய்கிற கணக்கு என்னுடையது. மற்ற எல்லாரும் சாதாரணப் பயனர்கள். என் அண்ணனும் சாதாரணப் பயனர்தான். சென்டர் திறந்த மூன்றாம் மாதம், இடத்தை அடைக்கிறது என்று சொல்லி ஒரு மாதத்து எக்ஸ்ரே படங்களை மொத்தமாக அழித்துவிட்டார். அவற்றை மீட்டெடுப்பதற்குள் எனக்கு நான்கு நாள் நாக்குத் தள்ளிவிட்டது. அன்றைக்கே அவருடைய கணக்கில் கை வைத்தேன். பார்க்கலாம், படிக்கலாம், அச்செடுக்கலாம். அழிக்க மட்டும் முடியாது. இது அவருக்குத் தெரியாது. முதலாளி தன் சொந்தக் கடையில் சாதாரணப் பயனராக வலம் வருவதை நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொள்வதுண்டு.

காகிதத்தில் கதை வேறு. சென்டர் தொடங்கும்போது நான் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் நல்ல வேலையில் இருந்தேன். என்னைக் கட்டியவர் அதற்கு முந்தைய வருடம் போன இடம் தெரியாமல் போயிருந்தார், நானும் தேடவில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்து, வேலையை விட்டுவிடு, இது நம் இருவருடைய சென்டர் என்றார். விட்டுவிட்டேன். பதிவு செய்யப் போகிற அன்று, என் பெயரையும் ஒரு ஓரமாகச் சேர்த்துவிடலாமே என்று கேட்டேன். கேட்கும்போதே கூச்சமாக இருந்தது. அண்ணன் என் தலையில் கை வைத்தார்.

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நான் இருக்கேன்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்மேல் இத்தனை பாசம் வைத்திருக்கிறவரிடம் போய்க் காகிதம் கேட்டோமே என்று அன்று முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டும்.

அண்ணன் மகன் போன வருடம் சென்டருக்குள் காலடி எடுத்து வைத்தான். இருபத்தொன்பது வயது. நிர்வாகம் படித்து, ஒரு பெரிய மருத்துவமனையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன். ஊழியர்கள் அவனைச் சின்னவர் என்றார்கள். அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது மவுஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அந்த உரிமையில் அவன் எதைச் சொன்னாலும் நான் தலையாட்டினேன். முதலில் மேசைகளை இடம் மாற்றினான். பிறகு சுவருக்கு வேறு நிறம் அடித்தான். பிறகு ஒரு நாள் என் மேசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு கையேடாக எழுதித்தரச் சொன்னான்.

"உங்க தலைக்குள்ள இருக்கறது உங்களோட போயிடக் கூடாது அத்தை. ஆபரேட்டிங் சிஸ்டம்னா என்ன, நம்மகிட்ட என்னென்ன இருக்கு, எதை எப்படிப் பாத்துக்கணும், எல்லாம் எழுதுங்க. முன்மேசையில இருக்கற பொண்ணுக்குக்கூடப் புரியணும்."

பத்தொன்பது வருடத்தில் என்னை எழுதச் சொன்ன முதல் ஆள் இவன்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து, சென்டரில் உட்கார்ந்து, மூன்று வாரம் எழுதினேன்.

முன்மேசைப் பெண் நல்ல பெண். ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் திரையில் தெரிகிற மலைப் படம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். அவளை மனதில் வைத்துத்தான் தொடங்கினேன். நீ பார்ப்பது படம், அழுத்துவது பட்டன், இவை இரண்டுக்கும் நடுவே உன் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று வேலை பார்க்கிறது என்று எழுதினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்திருப்பது அது. நீ அணைக்கும்போது எல்லாரையும் படுக்க வைத்துவிட்டுக் கடைசியில் படுப்பதும் அது. பிரிண்டருக்கு ஒரு பாஷை, கேமராவுக்கு ஒரு பாஷை, கீபோர்டுக்கு ஒரு பாஷை. அத்தனையையும் அது கற்று வைத்திருப்பதால்தான் உனக்கு ஒன்றும் தெரியாமலே காலம் ஓடுகிறது.

வேலையைப் பங்கு போடுவது பற்றி எழுதியபோது எனக்கே என் எழுத்து பிடித்துப்போனது. கம்ப்யூட்டருக்கு மூளை ஒன்றிரண்டுதான். வேலை கேட்டு நிற்கிற புரோகிராம்கள் ஐம்பது, அறுபது. ஆபரேட்டிங் சிஸ்டம் ஒவ்வொன்றையும் கண் இமைப்பதற்குள் உட்கார வைத்து, எழுப்பி, அடுத்ததை உட்கார வைக்கும். அத்தனை வேகத்தில் இது நடப்பதால், நாற்காலி தனக்கே சொந்தம் என்று ஒவ்வொரு புரோகிராமும் நினைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தேன். அதைப் பிற்பாடு ஒரு முறை படித்துப் பார்த்தேன், பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன்.

நினைவகத்தைப் பற்றி ஒரு பக்கம். ஒரு புரோகிராமுக்குக் கொடுத்த இடத்தில் இன்னொன்று காலை நீட்டாமல் காவல் காப்பது, ஒன்று செத்து விழுந்தால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகாமல் தடுப்பது. கோப்புகளைப் பற்றி ஒரு பக்கம். முன்மேசைப் பெண் எல்லாவற்றையும் 'புதியது', 'புதியது ஒன்று', 'புதியது கடைசி', 'உண்மையான கடைசி' என்று சேமித்து வைப்பாள். எத்தனை கோடி எழுத்துகள் ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடந்தாலும் அவற்றைத் தேடி எடுத்துக் கோத்துக்கொடுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தால்கூட அவளுடைய புத்தியைத் தேடித்தர முடியாது என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன்.

வகைகளுக்கு மட்டும் எட்டுப் பக்கம் ஆனது. மேசைக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ், அண்ணன் பெருமைக்கு வாங்கி வைத்திருக்கும் ஒன்றில் மேக், சர்வரில் லினக்ஸ். மேசையில் இருப்பது ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து வேலை செய்வது. சர்வரில் இருப்பது யார் முகத்தையும் பார்க்காது. திரைகூட வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு வந்தாலும் ஒரே சமயத்தில் இருபது பேருக்குப் படி அளந்துகொண்டிருக்கும். போனிலும் டேப்லெட்டிலும் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ். அவற்றுக்குப் பேட்டரிக் கவலை, விரல் தொடும் கவலை. ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருக்கும். கேமராவைத் தொடலாமா, முகவரிகளைப் பார்க்கலாமா என்று அந்த ஆப் கேட்கும்போது சிஸ்டம் உன்னிடம்தான் அனுமதி கேட்கும். நீ படிக்காமலே சரி என்று அழுத்துவாய்.

கடைசி வகை, மெஷின்களுக்கு உள்ளே இருப்பது. எனக்கு அதன்மேல் தனி மரியாதை. எக்ஸ்ரே மெஷினில் கதிர் இத்தனை நொடிக்குள் நிற்க வேண்டும் என்றால் நின்றே ஆக வேண்டும். மேசைக் கம்ப்யூட்டர் மாதிரி கொஞ்சம் பொறு என்று வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தால், மேசையில் படுத்திருக்கும் ஆளுக்கு ஆபத்து. சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்வதற்கென்றே செய்யப்பட்ட சிஸ்டம் அது. அதற்குப் பெயர் தெரிந்தவர் சென்டரில் யாரும் இல்லை. நல்ல ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிற இடமே தெரியாது, கெட்டுப்போகிற அன்றுதான் அதன் பெயர் வெளியே வரும் என்று எழுதி அந்த அத்தியாயத்தை முடித்தேன். சின்னவர் அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டுக்கொடுத்தான்.

இருபத்திரண்டாம் பக்கத்தை நான் கோபத்தில் எழுதினேன். இரண்டு வருடத்துக்கு முன் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறவர் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டார். பழகிய மனிதர், இன்றைக்கே கணக்கை மூடினால் மனம் நோகும் என்று எட்டு நாள் விட்டு வைத்தேன். அந்த எட்டு நாளில் அவர் வீட்டிலிருந்தபடியே நுழைந்து ரிப்போர்ட் மாதிரிகளையெல்லாம் கலைத்துவிட்டார். அந்தச் சூடு ஆறவே இல்லை. அதனால் இப்படி எழுதினேன்: 'ஒருவர் விலகுகிறார் என்றால் அன்றைக்கே அவருடைய கணக்கை மூடுங்கள். எத்தனை வருடம் இருந்தார், நல்லவரா, சொந்தக்காரரா என்று பார்க்காதீர்கள். சொல்லிவிட்டு மூட வேண்டியதில்லை. மூடிவிட்டுச் சொல்லலாம்.' கடைசி வரிக்கு அடிக்கோடும் போட்டேன்.

கையேடு முடிகிற சமயத்தில் சின்னவர் வந்து, நிர்வாகித் திரைகளைப் படம் எடுத்து அதில் சேர்க்க வேண்டும், அதற்குத் தன் கணக்குக்கும் நிர்வாகி உரிமை வேண்டும் என்று கேட்டான். நான்தான் போட்டுக்கொடுத்தேன். பாஸ்வேர்டை அடிக்கும்போது அவன் மரியாதையாக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த மரியாதை எனக்கு என்னவோ போல் இருந்தது. வழக்கமாக அவன் அப்படித் திரும்புகிறவன் இல்லை.

அதனால்தான் எலும்பு அறையைப் பற்றி எழுதிய ஒரு தாளை மட்டும் கையேட்டில் சேர்க்கவில்லை.

எலும்பு அறை என்பது சென்டரின் கடைசி அறை. எலும்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று அளக்கிற மெஷின் அங்கே இருந்தது. அதோடு ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் விண்டோஸின் மிகப் பழைய பதிப்பு. மெஷினைச் செய்த சின்னக் கம்பெனி மூடி வருடக்கணக்காகிறது. அவர்கள் கொடுத்த புரோகிராமுக்கு ஒரு கெடு இருந்தது, அதுவும் ஏழு வருடத்துக்கு முன்பே தாண்டிவிட்டது. புதுப்பித்துக்கொடுக்க ஆள் இல்லை. கெடு தாண்டினால் புரோகிராம் திறக்காது. ஆனால் இன்றைக்குத் தேதி என்ன என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஆபரேட்டிங் சிஸ்டத்தைத்தான் கேட்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் சொன்னால் நம்பிவிடும்.

ஆகவே தினமும் காலையில் நான் அந்தக் கம்ப்யூட்டரின் தேதியைப் பன்னிரண்டு வருடம் பின்னால் தள்ளுவேன். பத்து வருடம் தள்ளினால் லீப் வருடத்தில் பிப்ரவரி கடைசியில் இடிக்கும், பன்னிரண்டு என்றால் இடிக்காது. புரோகிராம் திறந்துகொள்ளும். அடுத்த சிக்கல் வயது. வந்தவருடைய பிறந்த வருடத்தைக் கொண்டு புரோகிராம் வயதைக் கணக்கிட்டு, அதே வயதுக்காரர்களோடு எலும்பை ஒப்பிடும். கடிகாரம் பன்னிரண்டு வருடம் பின்னால் இருந்தால் ஆளும் பன்னிரண்டு வருடம் இளமையாகிவிடுவார். அதனால் பிறந்த வருடத்திலும் பன்னிரண்டைக் கழித்துத்தான் பதிவு செய்வேன். அந்த அறைக்குள் நுழைகிற எல்லாரும் என் தயவில் பன்னிரண்டு வருடம் முன்னதாகப் பிறந்தார்கள். ரிப்போர்ட்டில் சரியான தேதியையும் வருடத்தையும் நான் திரும்ப அடித்துக்கொடுப்பேன். ஏழு வருடம் இப்படியே ஓடியது.

தேதியைத் தள்ளுவது எக்ஸ்ரேக்காரருக்குத் தெரியும், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். பிறந்த வருடத்தைக் கழிப்பது எனக்கு மட்டுமே தெரியும். அதை எழுதிய தாளை நான்காக மடித்து என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். வஞ்சகம் என்றால் வஞ்சகம்தான். என்னை வெளியே அனுப்பினால், என்னைத் தேடி வரவேண்டிய ஒரு காரியமாவது மிச்சமிருக்கட்டும் என்று நினைத்தேன்.

கையேட்டை அச்செடுத்துக் கொடுத்த மறுநாள் காலை வழக்கம்போல முதல் ஆளாக வந்தேன். பாஸ்வேர்டை அடித்தேன். தவறு என்றது. பெரிய எழுத்து விசை அழுந்தியிருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. முன்மேசைப் பெண் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மேசை துடைத்து நான் பார்த்ததே இல்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

சின்னவர் ஒன்பதரைக்கு வந்தான். என்னை அறைக்குள் அழைத்து உட்கார வைத்து, தண்ணீர் எடுத்துக்கொடுத்தான். எல்லாவற்றையும் வெளியிலிருந்து ஒரு கம்பெனி பார்த்துக்கொள்ளப் போகிறது, கையேடு அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது, நான் இனி நிம்மதியாக ஓய்வெடுக்கலாம் என்றெல்லாம் சொன்னான். என் கணக்கு எங்கே என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க எழுதினதுதான் அத்தை, இருபத்திரண்டாம் பக்கம். தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாருக்கும் ஒரே ரூல்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

அவன் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு வந்திருப்பேன். நன்றாகப் படித்த பிள்ளை, கொடுத்த பாடத்தை வரி பிசகாமல் செய்து காட்டிவிட்டு வாத்தியாரின் முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அதற்கு அடிக்கோடும் போட்டுக் கொடுத்தவள்.

அண்ணன் அன்று ஊரில் இல்லை. இரவு போனில் வந்தார். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நீயும் எத்தனை நாள்தான் ஓடிக்கொண்டே இருப்பாய், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அழுதேன். என்னத்துக்குப் பொய் சொல்ல வேண்டும், நன்றாக அழுதேன்.

அடுத்த நாளிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். எலும்பு அறையிலிருந்து அழைப்பு வரும் என்று எனக்கு அத்தனை நம்பிக்கை. புரோகிராம் திறக்கவில்லை, வாருங்கள் என்பார்கள். நான் உடனே போகக் கூடாது, இரண்டு தடவையாவது கெஞ்ச வேண்டும், அண்ணனே வந்து கூப்பிட வேண்டும். அப்போது பழைய பேச்சை எடுப்பேன். காகிதத்தில் என் பெயர் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்பேன். சொல்ல வேண்டியதை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். குளிக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போனது. அழைப்பு இல்லை. இரண்டாம் வாரம் எனக்கு வேறு யோசனை வந்து தூக்கம் போனது. ஏன் கூப்பிடவில்லை? எக்ஸ்ரேக்காரர் தேதியைத் தள்ளியிருப்பார். புரோகிராம் திறந்திருக்கும். பிறந்த வருடத்தை அப்படியே பதிந்திருப்பார்கள். அறுபத்து நான்கு வயதுப் பெண்ணின் எலும்பை ஐம்பத்திரண்டு வயதுக்காரியின் எலும்போடு ஒப்பிட்டு, உன் வயதுக்கு இது மோசம் என்று அந்தப் பழைய கம்ப்யூட்டர் அடித்துக்கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு நான்கு பேர். தேவையில்லாத மாத்திரை, தேவையில்லாத பயம். ஒரு போன் போட்டு, பன்னிரண்டைக் கழியுங்கள் என்று சொன்னால் போதும். போனை எடுப்பேன். சொல்லிவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று தோன்றும். வைத்துவிடுவேன். இருபத்து மூன்றாம் நாள் வரை இப்படி எடுத்து எடுத்து வைத்தேன்.

இருபத்து நான்காம் நாள் மருந்துக் கடையில் ஒரு அம்மா எனக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் எங்கள் சென்டரின் நீலக் கவர். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார், இரண்டு வருடத்துக்கு முன் வந்தவராம். அப்போது வயதுக்கேற்ற எலும்பு என்று சொன்னார்களே, இப்போது ரொம்பத் தேய்ந்துவிட்டதாம் என்றார். மாடிப்படி ஏறவே பயமாக இருக்கிறது, குளியலறைக்குக்கூட மருமகளைத் துணைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொன்னார். சொல்லும்போது கடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் வாங்க வந்த தைலத்தை வாங்காமலே ஆட்டோ பிடித்தேன்.

முன்மேசைப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பிறகு தயங்கித் தயங்கி, பார்வையாளர் நோட்டில் பெயர் எழுதச் சொன்னாள். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் நான் அண்ணன் மகன் என்று எழுதினேன். அவனே வெளியே வந்தான். நான் மூச்சு வாங்கிக்கொண்டே பர்ஸைத் திறந்து தாளை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். மறைத்ததையும் சொன்னேன். தப்பு என்னுடையது, அந்த அம்மாவை உடனே கூப்பிட்டு மறுபடி பாருங்கள், இருபத்து மூன்று நாளில் வந்த எல்லாரையும் கூப்பிடுங்கள் என்றேன்.

அவன் தாளைப் பிரித்துப் படித்தான். புருவத்தைத் தூக்கினான்.

"அந்த மெஷினா? அதை நீங்க போன மறுநாளே எடைக்குப் போட்டாச்சே அத்தை. எலும்பு கேஸெல்லாம் இப்ப வெளியதான் அனுப்பறோம். ரிப்போர்ட் வந்ததும் நம்ம கவர்ல போட்டுக் குடுத்துடுவோம்."

அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே எலும்பு தேய்ந்திருந்தது. என் பன்னிரண்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாருக்கும் என்னால் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. நிம்மதி வர வேண்டும். அதற்குப் பதில் அவமானம்தான் வந்தது. நான் காப்பாற்றி வைத்திருந்த ரகசியத்துக்கு ஒரு நாள்கூட விலை இருக்கவில்லை. சின்னவர் தாளை அதே மடிப்பில் மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

கடைசி அறையை எட்டிப் பார்த்தேன். நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். வருடத்தின் முதல் வாரம் மெஷினைச் சோதிக்க நானே அதில் படுத்துப் பார்ப்பது வழக்கம். அதன் கம்ப்யூட்டரில் என் எலும்புகளின் கணக்கு வருட வாரியாக இருந்தது. யாரும் அதை எடுத்து வைத்திருக்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது அண்ணன் தன் அறையிலிருந்து கூப்பிட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் திரையைத் திருப்பிக் காட்டினார். புது மெஷின் வாங்குவதற்கான ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டுமாம், இரண்டு நாளாகத் திறக்கவில்லையாம்.

குனிந்து பார்த்தேன். இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை, நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்று இருந்தது. நான் அவரிடமிருந்து அழிக்கும் உரிமையை மட்டும்தான் எடுத்திருந்தேன். இப்போது பார்க்கும் உரிமையும் போயிருந்தது. ஒப்பந்தம் மட்டுமில்லை, ஊழியர் பட்டியல், சென்டரின் பதிவுப் பத்திரங்கள் என்று நான் தொட்ட ஒவ்வொன்றும் அதையே சொன்னது. அவருக்குத் திறந்தது மூன்றே மூன்று. விடுமுறைப் பட்டியல், சுவர்ப் படங்கள், சீட்டாட்டம்.

"கொஞ்சம் சரி பண்ணிக் குடேன். உனக்கு இதெல்லாம் ஒரு நிமிஷ வேலைதானே."

எனக்கு இங்கே கணக்கே இல்லை, உங்கள் மகனைக் கேளுங்கள் என்றேன்.

"கேட்டேனே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "'உங்களுக்கு எதுக்குப்பா அதெல்லாம்? நான் இருக்கேன்ல'ன்னான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெருமைதான் அந்தச் சிரிப்பில். பிள்ளை தன்னை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்கிறான் என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பார். அந்த வார்த்தைகளை எனக்கு யார் முதலில் சொன்னது என்பது அவருக்கு நினைவே இல்லை. நானும் அதைப் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன், பத்தொன்பது வருடம்.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். உள்ளுக்குள் துழாவிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவருக்கு அறுபத்திரண்டு வயது. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது.

"நான் எழுதின கையேடு படிச்சீங்களாண்ணா?"

"எனக்கு எதுக்கும்மா அது?"

"படிங்க. இருபத்திரண்டாம் பக்கம் மட்டுமாவது படிங்க."

சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே சீட்டாட்டத்தைத் திறந்தார். நான் முன்மேசைக்கு வந்து, பார்வையாளர் நோட்டில் வெளியேறிய நேரத்தை எழுதிவிட்டு இறங்கினேன்.